ஆட்காட்டி போட்ட சத்தம்

சரணாலயத்து ஏரிக்கரையில், சரளைக் கற்களுக்கு நடுவே ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. முட்டைகளும் கல்லைப் போலவே இருந்தன. அந்த வழியாகப் பறவை பார்க்க ஒரு குடும்பம் வந்தது.

"கத்தாதேடி. கவனிக்காம தாண்டிப் போயிடுவாங்க" என்றது ஆண் குருவி.

"உங்களுக்கென்ன, நாலும் நீங்களா போட்டீங்க? மிதிச்சுட்டா?" என்ற பெண் குருவி, ஓயாமல் கத்தியது.

குடும்பம் நின்றது. கூட வந்த அம்மா குனிந்து தேடி, முட்டைகளைக் கண்டுபிடித்தாள்.

"யாரும் கால வச்சிடாதீங்க. பின்னாடி வர்றவங்களுக்கும் தெரியணுமே" என்று பதறி, பக்கத்திலேயே ஒரு குச்சியை நட்டு, தன் சிவப்புக் கைக்குட்டையை அதில் கட்டிவிட்டுப் போனாள்.

"பாத்தீங்களா, நான் கத்தப் போயித்தான் பிழைச்சுது" என்றது பெண் குருவி.

மூன்று நாளாக அந்த முட்டைகளைத் தேடிக்கொண்டிருந்த காகம், கைக்குட்டையைப் பார்த்துப் பனைமரத்திலிருந்து இறங்கி வந்தது.