முகம் பார்த்த டாக்டர்

முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மனைவி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். கணவருக்கு வயிறு எரிந்தது.

"என்ன, ஒரே குஷியா இருக்கே?"

"என்ன மனுஷன்ங்க அவர்! நான் பேசி முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக் கேட்டார்."

"உன் முகத்துல அப்படி என்ன இருக்காம்?"

"சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சும்மான்னு கேட்டார். எனக்கு அழுகையே வந்திடுச்சு."

"ரூம்ல வேற யாரு இருந்தா?"

"ஓரமா ஒரு பொண்ணு. நாங்க பேசுறதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்குன்னே வெச்சிருக்காராம்."

"அதானே! கைக்கு வேலை இல்லாதவன் முகத்தைத்தான் பார்ப்பான்."

"உங்க ஆஸ்பத்திரியிலயும்தான் அப்படி ஓர் ஆள் தர்றேன்னாங்க. வேண்டாம்னு வீறாப்பா சொன்னது யாரு? நீங்களும் டாக்டர்தானே? என் வலியை முதல்ல உங்ககிட்டதான் சொன்னேன். இதோ, இப்பகூட என் முகத்தைப் பார்க்காம லேப்டாப்பைத் தட்டிக்கிட்டேதான் பேசுறீங்க."

அவருடைய விரல்கள் நின்றன.

யார் பேசினாலும் காதில் விழுந்ததைத் தட்டச்சு செய்துவிடுவது அவருக்குக் கைப்பழக்கம். திரையில், காலையில் மூட்டுவலிக்கு வந்துபோன எழுபது வயதுப் பெரியவரின் மருத்துவக் குறிப்பு பாதியில் இருந்தது. 'நோயாளி சொல்லும் குறைகள்' என்ற இடத்தில் கணவரின் விரல்கள் ஏற்றியிருந்தன:

'முழங்கால் வீக்கம். தூக்கமில்லை. அழுகை வருகிறது. கணவர் முகத்தைப் பார்ப்பதில்லை.'