சாய்வுக் கோணம்

ஸ்கேலை எடுத்து, கட்டுரையில் இருந்த விண்மீன் மண்டலப் படத்தின் மேல் வைத்தாள்.

நீளம் ஒன்பது சென்டிமீட்டர். அகலம் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

மறுபடி அளந்தாள். அதேதான்.

கிட்டத்தட்ட வட்டம். சாப்பாட்டுத் தட்டைச் சாய்க்கச் சாய்க்க ஒடுங்கித் தெரியும். இது அவ்வளவாக ஒடுங்கவில்லை. அப்படியானால் அந்தக் குட்டி விண்மீன் மண்டலம் முப்பது டிகிரிதான் சாய்ந்திருக்கிறது.

கட்டுரையில் ஐம்பது என்று போட்டிருந்தது.

கட்டுரை இளவேனிலுடையது. ஆய்விதழ் அதை மதிப்பிடச் சொல்லி இவளுக்கு அனுப்பியிருந்தது. மதிப்பிடுவது யார் என்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். ஐந்து வருடம் ஒரே விடுதி அறையில் இருந்த தோழி என்பதால், வேறு ஆளைப் பாருங்கள் என்று இவள் மறுத்திருக்க வேண்டும்.

மறுக்கவில்லை.

படிக்கப் படிக்க வயிறு எரிந்தது.

அக்கம்பக்கத்தில் எதுவுமே இல்லாத, தன்னந்தனி மண்டலம். அதன் வாயு மிக மெதுவாகச் சுற்றுகிறதாம். மற்ற மண்டலங்களையெல்லாம் சிதறாமல் பிடித்து வைத்திருக்கும் கரும்பொருள், இதில் மட்டும் இல்லையாம். உலகமே திரும்பிப் பார்க்கும் முடிவு. அது போயும் போயும் இளவேனிலுக்குக் கிடைத்திருக்கிறது.

விடுதியிலும் அப்படித்தான். இவள் மாதக்கணக்கில் படிப்பாள். அவள் சாவகாசமாகத் தலைவாரிக்கொண்டு போய் முதல் மார்க் வாங்கி வருவாள்.

முப்பது டிகிரி வைத்துக் கணக்குப் போட்டாள். சாய்வு குறைந்தால் அசல் வேகம் கூடும்; வாயுவின் வேகம் ஒன்றரை மடங்கானது. அவ்வளவு வேகத்தைச் சிதறாமல் பிடித்து வைக்க வேண்டுமே, கரும்பொருள் திரும்ப வந்துவிட்டது.

கட்டுரை காலி.

ஒரு வரி எழுதினால் போதும். இளவேனில் திருத்திக்கொண்டு தப்பித்துவிடுவாள்.

எதற்குத் தப்பிக்க வேண்டும்? அச்சில் வரட்டும். பத்திரிகையில் போட்டோ வரட்டும். அப்புறம் யாராவது ஒருத்தர் கையில் ஸ்கேலை எடுக்கட்டும்.

‘அருமையான கட்டுரை. திருத்தம் எதுவும் தேவையில்லை’ என்று எழுதி அனுப்பினாள்.

அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள்.

நான்காம் நாள் இளவேனில் போனில் கூவினாள்.

“ஏத்துக்கிட்டாங்கடி! ஒரு கேள்விகூடக் கேக்கல. எனக்கு அந்தச் சாய்வுதான் உதறலா இருந்துச்சு. அப்புறம் நீ எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு நாப்பது மண்டலம் அளந்து லிஸ்ட் போட்டியே, அதுல இருந்து எடுத்துப் போட்டுட்டேன். நீ அளந்ததுக்கு அப்புறம் நான் எதுக்குடி இன்னொரு தடவ அளக்கணும்?”

இவள் என்னவோ சொல்லி வைத்தாள்.

அந்த நாற்பதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அளந்து தள்ளியிருந்தாள்.

ஆய்விதழின் பக்கத்தைத் திறந்தாள். மதிப்பீட்டைத் திரும்பப் பெற ஒரு படிவம் இருந்தது. கட்டுரை எண்ணை நிரப்பினாள். தன் பெயரை நிரப்பினாள். காரணம் என்ற கட்டத்தில் கொஞ்சநேரம் விரல் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு அனுப்பப் பார்த்தாள்.

போகவில்லை.

காரணம் எழுதாமல் அனுப்ப முடியாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது.