இரக்கத்துக்கு ஒரு வாரம்

அழைப்பு மணியின் மேல் விரலை வைத்தவர் அமுக்காமல் நின்றார்.

மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. மன்னிக்க வந்த மனுஷன் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்? மன்னிப்புக்கென்று ஒரு கம்பீரம் வேண்டாமா?

கதவுக்கு அந்தப் பக்கம் தம்பியின் வீடு. இந்தப் பக்கம் நிற்பது அண்ணன், லாண்டரிக் கடைக்காரர். இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

இந்த வம்பை இழுத்துவிட்டவர் சபைப் போதகர். மலைமேல் இயேசு சொன்ன பாக்கியங்கள் எட்டு. வாரத்துக்கு ஒன்றாக வாழ்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் காலண்டரில் கட்டம் போட்டார்.

முதல் வாரம் ஆவியில் எளிமை. திங்கட்கிழமை காலையிலேயே டிக் அடித்துவிட்டார். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியின் ஆவியிலேயே வேகிற ஆளுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். அது வேற ஆவி என்று மனைவி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது துயரப்படுகிறவர்களின் வாரம். முன்பின் தெரியாத ஒருவரின் அடக்கத்துக்குப் போனார். செத்தவரின் மனைவியைவிட இவர் அதிகமாக அழுததில், யார் இந்த ஆள் என்று அந்தக் குடும்பத்துக்குள் சந்தேகம் கிளம்பிவிட்டது.

சாந்தகுணத்துக்கான வாரத்தில் மனைவி என்ன சொன்னாலும் சிரித்த முகமாகச் சரி என்றார். மூன்றாம் நாள் அவள் பயந்துபோய் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பிரஷர் சரியாகத்தான் இருந்தது.

நாலாவது வாரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

இது ஐந்தாவது. இரக்கம்.

இரக்கம் காட்ட ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தம்பி இருந்தான். நீதிக்காகத் துன்பப்படுகிறவர்களுக்கென்று ஒதுக்கிய எட்டாவது வாரத்துக்கும் அவனைத்தான் நம்பியிருந்தார். அவனால் பட்டது கொஞ்சநஞ்சமா?

கதை சபைக்கே தெரியும். ஒரு கல்யாணத்தன்று காலை, மணப்பெண்ணின் வெள்ளைப் பட்டு கவுனில், நெஞ்சுக்கு நேராக, இஸ்திரிப் பெட்டி அச்சு அசலாகக் கருகிப் பதிந்துவிட்டது. பெண்ணின் அம்மா கடைவாசலில் நின்று அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. யார் செய்தது என்று கேட்டார்கள். அண்ணன் தம்பியைக் காட்டினார். தம்பி வாயே திறக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை.

அதிலிருந்து கடையில் மத்தியானம் அவர் தனியாகத்தான் சாப்பிடுகிறார். பக்கத்து இஸ்திரி மேஜையில் இப்போது யாரும் சீட்டியடிப்பதில்லை. அவன் இல்லாத கடை அவருக்குப் பிடிக்கவே இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. அவனுக்குப் பெண் பிறந்ததைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் கேள்விப்பட்டார். இந்த வாரத்தையும் விட்டால் சாகும்வரை இந்தப் படி ஏற மாட்டோம் என்று அவருக்கே தெரியும்.

போனதைக் கிளற வேண்டாம், நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்வதாக ஏற்பாடு. கண்ணாடி முன் ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்திருந்தார். எந்த இடத்தில் குரல் கம்ம வேண்டும் என்பதுகூட முடிவாகிவிட்டது.

மணியை அமுக்கினார்.

கதவைத் திறந்தது ஐந்து வயதுச் சிறுமி. கையில் பென்சில். அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். கடைவாசலில் அண்ணனும் தம்பியும் தோள்மேல் கை போட்டு நிற்கிற பழைய படம். மறுபடி அவரைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பா, நம்ம சத்துரு பெரியப்பா வந்திருக்காரு."

கடைக்காரப் பெரியப்பா, கண்ணாடி போட்ட பெரியப்பா என்பதுபோல அத்தனை பிரியமாகச் சொன்னாள். அதுவும் உறவுமுறையில் ஒன்று என்றே நினைத்திருக்கிறாள் போல.

அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தபடி விவரமும் சொன்னாள். ஜெபத்தில் எல்லாருக்காகவும் கேட்டு முடித்த பிறகு, கடைசியாகச் சத்துருவுக்காகவும் கேட்கணும். இயேசு அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அது மட்டும் அவளுடைய பங்கு. பெரியப்பா நல்லா இருக்கணும், பெரியப்பா கடை நல்லா நடக்கணும் என்று ஒருநாள்கூட விடாமல் கேட்டிருக்கிறாள்.

கடை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அது தன் சாமர்த்தியம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்.

தம்பி ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. குழந்தை ஏதோ தெரியாமல் உளறுகிறது என்றான். வேறு யாரையோ சொன்னதை அவள் மாற்றிப் புரிந்துகொண்டாள் என்றான். ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காத தன்மேல்தான் தப்பு என்று தடுமாறினான். மகளைப் பார்த்து விரலை உயர்த்தினான்.

அன்றைக்கும் இப்படித்தான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். சூடான பெட்டியைக் கவுன்மேல் வைத்துவிட்டுப் போனில் வெட்டிக்கதை பேசப் போன அண்ணனை, அத்தனை பேர் முன்னால் அவன் காட்டிக்கொடுக்கவில்லை. ஆறு வருஷமாகத் திரும்பத் திரும்பச் சொன்னதில் அண்ணன் தன் கதையைத் தானே நம்பத் தொடங்கியிருந்தார், அவ்வளவுதான்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"அவளைத் திட்டாதடா. அவ சரியாத்தான் சொல்றா. அது நான்தான்."