கோட்டில் விழாத புள்ளி

வாவித் தண்ணியில் தெறிக்கிற வெயில் லப்டொப்பில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. புற்றுநோய்க் கலத்தை வளரச் சொல்லிச் செய்தி கடத்துகிற புரதம், மருந்து உள்ளே போனால் எவ்வளவு குறையும் என்று தங்கச்சியின் மகள் கம்சாயினி கணக்குப் போட்டுக் கோடு இழுத்திருக்கிறாள். கோடு நல்லாத்தான் இறங்குகிறது. நோயாளிகளிடம் அளந்தவையெல்லாம் அதில் புள்ளிகளாக ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் இறங்காமல் மேலே தனியே நிற்கிறது. “அது ஆருட புள்ளி, புள்ள?” அவள் விரல் நிற்கிறது. “மாமிட, மாமா. மருந்து பிடிக்கல்ல போல. கணக்குக்குள்ள அடங்குதில்ல.” “அப்ப உன்ர கணக்குப் பிழை.” “மற்றதெல்லாம் சரியா வருதே மாமா.” ஒரு தட்டுத் தட்டுகிறாள். புள்ளியைக் காணவில்லை. கோடு இப்போது வடிவாக இருக்கிறது. “மருந்துக்கு நேரமாகிட்டு, கொண்டு வாங்க” என்று உள்ளறையிலிருந்து என் பெண்சாதி கூப்பிடுகிறாள்.