தறிக்குழி மண்

அடைக்கோழி கூடையைவிட்டு மறுபடியும் எழுந்து நிற்கிறது. நேற்றுப் பெய்த கோடைமழையில் வைக்கோல் நனைந்துவிட்டது. வாசல் மணலும் ஈரம். “கழிவு நூலு போடட்டுமா அத்தே?” என்று பத்மா கேட்கிறாள். “வாணாம்மே, கால்ல சுத்திக்கும். காஞ்ச மண்ணு போடு” என்கிறாள் உள்ளே படுத்திருக்கும் மாமியார் ஞானம்மாள். அவளுக்குக் கண் தெரியாது. வீட்டில் காய்ந்த மண், கால் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழியில் மட்டும்தான் இருக்கிறது. யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றதும் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போன கணவன் துளசிங்கத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. குழிக்குள் பதிந்திருக்கும் அவன் பாதத் தடத்தைப் பத்மா இதுவரை பெருக்கியதில்லை. ஓட்டுக் கண்ணாடி வழியே விழும் வெயில் அந்த விரல் தடங்களின் மேல் அசையாமல் கிடக்கிறது. கூடையில் முட்டைகள் ஆறிக்கொண்டிருக்கின்றன. அவள் குழியில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளுகிறாள். முழங்கால் பட்டு மிதிகட்டை தாழ்கிறது. தறி ஒருமுறை கிறீச்சிடுகிறது. உள்ளே பாய் சரசரக்கிறது. “துளசி, வந்துட்டியா நைனா?” பத்மாவின் விரலிடுக்கில் மண் ஒழுகுகிறது. மெல்ல எழுந்து, மிதிகட்டையில் கால் வைத்து, இன்னொரு முறை அழுத்துகிறாள்.