வளைவில் ஓர் இருமல்

பாதி சாத்திய சமையலறைக் கதவுக்குள் பழத்தின் காம்பு ஒடியும் சத்தம் கேட்கிறது. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவருக்கு இதயமும் சிறுநீரகமும் அரைகுறையாகத்தான் ஓடுகின்றன. காது மட்டும் புது வண்டி. உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பிவிடும் என்று டாக்டர் சொன்ன அன்றோடு இந்த வீட்டில் வாழைப்பழம் நின்றுபோனது. உருளைக்கிழங்கைக்கூட நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மனைவி அவருக்குத் தருகிறாள். இப்போதும் அது அடுப்பில் கொதிக்க, மூடி தடதடக்கிறது. ஜன்னல் வெயிலில் அவளுடைய நிழல் சுவரைப் பார்த்து நின்று அவசர அவசரமாக மெல்லுகிறது. நீராவியோடு பழவாசனையும் வருகிறது. அவர் கண்ணெதிரே தின்ன அவளுக்கு மனசு வரவில்லை. பழத்தை விடவும் முடியவில்லை. மாத்திரை விழுங்கிவிட்டு வெறும் டம்ளரோடு வந்தவர் கதவருகே நின்று, எதிர்வண்டி தெரியாத வளைவில் ஹாரன் அடிப்பதுபோல, நன்றாக இருமுகிறார். உள்ளே குப்பைக்கூடையின் மூடி படக்கென்று விழுகிறது. குழாய் திறக்கிறது. அதன் பிறகே நிதானமாக நுழைகிறார்.

வாயைத் துடைத்தபடி திரும்பும் மனைவியின் முகம் வெளிறியிருக்கிறது.

"என்னங்க, கொஞ்ச நாளா இப்படியே இருமுறீங்க? நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டா இருமல் வரும்னு டாக்டர் சொன்னாரே. இன்னைக்கே போய்க் காட்டிட்டு வந்துடலாம்."

கூடை மூடிக்கு வெளியே மஞ்சள் தோலின் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. அவர் கூடையைக் காலால் மெல்லச் சுவரோரம் தள்ளுகிறார்.

"சரி, போவோம்" என்கிறார்.