வெறும் பை

கூட வேலை செய்யும் றிப்தி ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டதும் வின்சன்ட் ஆய்வுகூடக் கதவைச் சாத்திவிட்டு, சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஜெனிதாவின் சேலையை எடுத்தார்.

நீலச் சேலை. அவள் கடைசியாக உடுத்தியது. துவைக்காமல், பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி வைத்திருந்தார்.

அவள் இறந்த ஆண்டுப் பூசையும் முடிந்துவிட்டது. இன்று பின்னேரம் ஜெனிதாவின் அக்கா திரேசம்மா வந்து, சேலைகளையெல்லாம் கோயிலுக்குக் கொடுக்க எடுத்துப்போவார். இதில் அவள் வாசம் மிச்சமிருந்தால் இதை மட்டும் கொடுப்பதில்லை என்று வின்சன்ட் தீர்மானித்திருந்தார்.

இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரியாது. கொரோனா வந்துபோனபோது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. கருவாடும் மல்லிகையும் அவருக்கு ஒன்றுதான்.

செத்துப்போன பெண்சாதியின் சேலையை மணந்து பார்த்துச் சொல்லு என்று யாரிடம் போய்க் கேட்பது?

இயந்திரத்திடம் கேட்கலாம். துறைமுகக் காற்றில் எண்ணெய் ஆவி கலந்திருக்கிறதா என்று பார்க்க வாங்கியது. உள்ளே சின்னஞ்சிறு குவார்ட்ஸ் வில்லை ஒன்று மின்சாரத்தில் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். துளி வாசனை அதன்மேல் படிந்தாலும் பாரம் கூடி அதிர்வு குறையும். திரையில் கோடு இறங்கும்.

பையை அவிழ்த்து, காற்றை இழுக்கும் குழாயருகே பிடித்தார்.

கோடு இறங்கியது.

இருக்கிறாள்.

ஆனால் பழகிய தொழில் சும்மா விடாது. எந்தச் சோதனைக்கும் முதலில் வெறும் பையைப் பிடித்துப் பார்க்கவேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டார். புதிய பை ஒன்றை விரித்துப் பிடித்தார்.

கோடு அதே அளவு இறங்கியது.

அப்படியென்றால் சேலையில் ஒன்றுமில்லை. கோட்டை இறக்கியது அவர்தான்.

அது அவருக்குப் புதினமில்லை. "குறை நினைக்காதீங்க அண்ணன், நீங்க கிட்ட நிண்டா கோடு இறங்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று றிப்தி சொன்ன நாள் முதல் இரண்டு வேளை குளிக்கிறார். தன் நாற்றம் தனக்கே தெரியவில்லையே என்ற வெட்கத்தில், குச்சவெளி பஸ்ஸில் இடமிருந்தாலும் வாசலில் நின்றுகொண்டு வருகிறார். மத்தியானச் சோற்றை இறங்குதுறையில் தனியே இருந்து சாப்பிடுகிறார்.

கோபத்தில் சட்டையைக் கழற்றி வெளிக்கதவில் கொழுவிவிட்டு, பெனியனோடு வந்து வெறும் பையை மறுபடி பிடித்தார்.

கோடு அசையவில்லை.

சட்டையை எடுத்துவந்து பிடித்தார். இறங்கியது.

துவைத்த சட்டை. காலையில்தான் அலுமாரியிலிருந்து எடுத்தது. வீட்டில் ஒரே ஓர் அலுமாரி. அவருடைய சட்டைகள் இன்னமும் அவளுடைய சேலைகளுக்கு நடுவில்தான் தொங்குகின்றன. சேலை மடிப்புகளுக்குள் அவள் செருகிவைத்த வெட்டிவேரை அவர் தொட்டதேயில்லை.

காற்றுப் புகாமல் கட்டிய பைக்குள் தீர்ந்துபோனவள், அலுமாரியிலிருந்து தினமும் அவரோடு வேலைக்கு வந்திருக்கிறாள்.

சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தார். ஒன்றும் மணக்கவில்லை. அழுகை வந்தது.

இத்தனை மாதமும் றிப்தி தள்ளி நிற்கச் சொன்னது இரண்டு பேரை.

பிறகு திரேசம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"மச்சாள், சேலையளை எடுக்க வரவேண்டாம். அதுகள் என்ரை சட்டையளோடயே கிடக்கட்டும்."